முடியாதவங்க முன்னால

மாடிப்படியில் யாராவது என்னை இடித்துக்கொண்டு முந்திப் போனால் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் நோயாளிகளுக்கே போதாது. நாங்கள் படியேறித்தான் போக வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்ற காலோடு ஏறும்போது, பின்னால் வருகிறவர்களுக்கு என் உடம்பு ஒரு தடை. "மேடம், கொஞ்சம்" என்று நெளிந்து போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவரவருக்கு அவரவர் அவசரம். ஆனால் நான்கு வருடம் என் பின்னாலேயே படியேறிய ஒருத்தி ஒருநாள்கூட என்னை முந்தியதில்லை.

நாங்கள் படித்தது ரெஸ்பிரேட்டரி தெரபி. மூச்சு விட முடியாதவர்களுக்கு மூச்சுக்கு வழி செய்கிற வேலை. ஆக்ஸிஜன், நெபுலைசர், வெண்டிலேட்டர் எல்லாம் எங்கள் பாடு. இதை இன்றைக்கும் கல்யாண வீட்டில் சொன்னால் நாலு பேர் முழிப்பார்கள். என் பெரியப்பா அன்றைக்கே, "மூச்சு உடறதுக்கு எதுக்கு சாமி நாலு வருசப் படிப்பு? நானெல்லாம் படிக்காமயே உட்டுக்கிட்டுத்தான இருக்கறேன்" என்றார். ராசிபுரத்திலிருந்து நான் அந்தக் கல்லூரிக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. நர்சிங் கிடைக்கவில்லை, பிசியோதெரபி கிடைக்கவில்லை, கடைசியில் இது மிச்சமிருந்தது. வகுப்பில் பெரும்பாலும் அப்படி வந்து விழுந்தவர்கள்தான்.

முதல் நாள் வகுப்பெடுக்க வந்த மேடம் ஒவ்வொருவராக எழுப்பி, இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று கேட்டார். சேவை செய்ய வந்தோம் என்று எல்லோரும் வாய் கூசாமல் புளுகினோம். கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். ஒல்லி, குட்டை. கால் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் உறுதியாக இருக்கும்.

"எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க மேடம். எதனாலன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தனுங்க."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்காமல் எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை, ஆலத்தூர் நாட்டுப் பக்கம் என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலில் அவளுக்கு 'மலை' என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதில் அவளுக்குக் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே அறை, அதுவும் மேல் மாடியில். நான் அன்றும் குண்டுதான். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். அவளும் இரண்டு படி கீழே நின்றுகொள்வாள். என்ன என்று கேட்க மாட்டாள். நான் மறுபடி ஏறினால் அவளும் ஏறுவாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"முன்னால போய்த் தொலையேண்டி. எம் பின்னாடியே எதுக்கு ஒட்டிக்கிட்டு வர்ற?"

"எங்கூர்ல முடியாதவங்களை முன்னால உட்டுத்தான் நடப்போம்."

"அப்ப நான் முடியாதவளா?"

"ஆமா."

முகத்தில் கேலியே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. பேசாத நாட்களிலும் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் துணி காயப்போடும்போது அவளே சொன்னாள். பஸ் ரோட்டிலிருந்து அவர்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதை. செம்மேட்டுச் சந்தைக்கு மிளகு சுமந்து போனாலும் சரி, சாமான் வாங்கித் திரும்பினாலும் சரி, கூட்டத்தில் யாருக்கு ரொம்ப முடியவில்லையோ அவர்தான் முன்னால் நடக்க வேண்டும். திடமானவர்கள் கடைசியில். முன்னால் போகிறவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். ஏன் நின்றாய் என்று கேட்கக் கூடாது. சீக்கிரம் என்ற வார்த்தையை அந்தப் பாதையில் யாரும் எடுக்கவே கூடாது.

"நல்லா நடக்கறவங்க முன்னால போனா என்னடி ஆயிரும்?" என்றேன்.

"முடியாதவங்க பின்னால நின்னுருவாங்க. யாருக்கும் தெரியாது. ஊடு போய்ச் சேந்துதான் ஆளைக் காணோம்னு தேடுவாங்க."

இதைப் பாதையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் எதற்கும் இதையே கொண்டுவந்தாள். மெஸ் வரிசையில் காய்ச்சல்காரியையும் தலைவலிக்காரியையும் முன்னால் தள்ளிவிட்டுக் கடைசியில் நிற்பாள். அவளுக்குப் பூரி தீர்ந்துபோன நாட்களே அதிகம். நாளைக்குப் பரீட்சை என்றால் நாங்கள் கடைசிப் பாடத்தில் இருப்போம். அவள் அரியர் வைத்திருந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்து முதல் பாடத்தை மறுபடியும் ஆரம்பித்துக்கொண்டிருப்பாள். "உனக்குப் பைத்தியம்டி" என்போம். தலையாட்டுவாள். அவளுக்கு அலுப்பே வராது என்று அப்போது நினைத்திருந்தேன். கடைசியில் வருகிறவள் முகத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வார்டிலும் அப்படியே இருக்கப் பார்த்தாள். வெண்டிலேட்டரில் இருக்கிறவரை அதிலிருந்து மெல்ல விடுவிப்பதற்கு அவளைப்போல ஆள் கிடையாது. மெஷினைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்த மனிதர் தானாக இழுக்கிற மூச்சையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆனால் ஒருநாள் மூச்சுத் திணறலோடு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்துக்கொண்டே போனது. இவள் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மா பயம் தெளியட்டும் என்று நின்றாள். சீனியர் அதைப் பிடுங்கி மாட்டிவிட்டு, "இது உங்க ஊர்ப் பாதை இல்ல, இங்க நின்னா ஆள் போயிரும்" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்றைக்கு நியாயம் சீனியர் பக்கம்தான் இருந்தது. அவளும் அதை ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவசரத்துக்குக் கையை வேகமாக ஓட்டப் பழகினாள், மற்ற நேரத்தில் பழையபடி ஆகிவிடுவாள்.

அவள் அப்பா இளவட்டமாக இருந்தபோது திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டியில் ஏறி, போர் போடுகிற வேலைக்கு வடக்கே போனவர். மலையிலிருந்து அப்படிப் போனவர்கள் நிறைய. தண்ணீர் வரும்வரை பாறையைத் துளைத்துக்கொண்டே இருப்பார்கள், அதுவரை வருவதெல்லாம் கல்தூசிதான். "மாவு மில்லுல நின்னவராட்ட வெள்ளையா இருக்கற போட்டோ ஒண்ணு எங்கூட்டுல இருக்குது, அதைப் பாத்து எல்லாரும் சிரிப்போம்" என்பாள். இரண்டாம் வருடம் நுரையீரல் பாடத்தில் அந்தத் தூசியைப் பற்றி வந்தது. உள்ளே போனது வெளியே வராது, நுரையீரல் கல்லாகிக்கொண்டே போகும், மருந்து கிடையாது என்று புத்தகம் நாலு வரியில் முடித்துவிட்டது. அவள் புத்தகத்தை மூடினாள். வாளியை எடுத்துக்கொண்டு போய், அவள் துணி, என் துணி, என் போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் துவைத்தாள். நான் போர்வையைப் பிழிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எதைத் தெரிந்துகொள்ள வந்தாளோ அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் "சரியாயிரும்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "இங்கதான் இருக்கறனுங்க" என்பாள்.

மூன்றாம் வருடம் மேடம் எங்கெங்கோ பேசி, ஏதோ ஆஸ்பத்திரியில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு ஆக்ஸிஜன் பெட்டியை அவள் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார். சுற்றியிருக்கிற காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற பெட்டி. கரண்ட் இருந்தால் போதும், சிலிண்டர் வேண்டாம். அதைக் கொண்டுபோய் வைக்க நானும் கூடப் போனேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் தின்ற பஜ்ஜியை முதல் சில வளைவுகளுக்குள்ளேயே ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பாதை. பெட்டியை அவளுடைய மாமா தோளில் வைத்துக்கொண்டார். முன்னால் நடந்தது நான். நான் நின்ற இடத்திலெல்லாம் பெட்டியைச் சுமந்துகொண்டு அந்த மனிதரும் நின்றார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

பெட்டியை மாட்டி, குழாயை அவர் மூக்கில் வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இழுத்தார். எலும்பும் தோலுமான மனிதர். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிற்க வேண்டும். கண்ணைத் திறந்தவர், சுவரோரம் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். உடனே குழாயைக் கழற்றி, வேட்டித் தலைப்பில் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ ரெண்டு மூச்சு வாங்கிக்க கண்ணு. மேடேறி வந்திருக்கற."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்கிற ஊர். அவருக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான். அவள்தான் கோபப்பட்டாள்.

"அப்பா, அது மருந்து. உனக்குன்னு அளவு பாத்து வெச்சிருக்குது. கழட்டவே கூடாது."

"வந்த புள்ளைக்கு மூச்சு வாங்குது. நான் மட்டும் மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறதா?"

"அவளுக்கு நோவு இல்ல. உடம்பு."

அதையும் முகம் மாறாமல்தான் சொன்னாள். அவள் அம்மா எனக்குச் சாமைச் சோற்றை இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

சாயங்காலம் ஊரே அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தது. மூச்சுப்பெட்டி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "படிப்பு முடிஞ்சுதுன்னா அப்பனை நல்லாக்கிருவ தான சாமி?" அவள் அதற்குப் பதில் சொல்லாமல், பெட்டியை எப்படிப் போடுவது, குழாயை எப்படி மாற்றுவது, பெரியவர்களுக்கு எவ்வளவு, குழந்தைக்கென்றால் எதற்கு மேல் திருகக் கூடாது என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவள் அடுத்த மேட்டிலிருக்கிற மேல் வீட்டுக்காரி, அப்போது மாசமாக இருந்தாள். குழந்தைக்கு எதற்கு இங்கே சொல்லித் தருகிறாய் என்று திரும்பும்போது கேட்டேன். "ஆஸ்பத்திரி ரொம்பக் கீழ இருக்குதுடி" என்றாள்.

கடைசி வருடம் நாங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தோம். மலையில் விடாத மழை. மேல் வீட்டுக்காரியின் கைக்குழந்தைக்குச் சளி கட்டி, நெஞ்சுக்குழி உள்ளே இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். மலைரோட்டில் மரம் விழுந்து வண்டி பாதியில் நின்றது. குழந்தையின் அழுகை சன்னமாகிப் போனது இவள் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. அவரே குழாயைக் கழற்றினார். இவள் அம்மா வேண்டாமென்று கையைப் பிடித்திருக்கிறார்.

"ரொம்ப முடியாதது அதுதான். அது முன்னால போவட்டும்" என்றாராம்.

கரண்ட் மட்டும் நிற்கவில்லை, பெட்டி மேல் வீட்டுக்குப் போனது. இவள் காட்டிக்கொடுத்த அளவில் வைத்துக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். மரத்தை வெட்டி வண்டி வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அவரையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். வந்தது ஒரே வண்டி, நான் அடுத்த வண்டியில் வாரேன் என்று குழந்தையை மட்டும் அனுப்பிவிட்டார். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டினார்கள். மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பெட்டி அவரிடமே இருந்திருந்தாலும் வெகுநாள் தாங்கியிருக்க மாட்டார் என்று மேடம் அவளுக்குப் போனில் சொன்னார். அதில் உண்மை பாதி, ஆறுதல் பாதி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காரியத்துக்கு நான் மலைக்குப் போனேன். அவள் திரும்பி வருவதாக இல்லை. பயிற்சி இன்னும் சில மாதம்தான். அதை முடிக்காவிட்டால் நான்கு வருடமும் தண்டம். கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று மேடமும் சொல்லி அனுப்பியிருந்தார். சொந்தக்காரர்கள், அப்பனைக் காப்பாற்றத்தானே படிக்கப் போனாய், இனிமேல் எதற்கு என்றார்கள். மேல் வீட்டுக்காரி தினமும் காலையில் வந்து, ஒன்றும் பேசாமல் தண்ணீர் எடுத்து வைத்து, வாசல் கூட்டி, பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். அவள் வரும்போதெல்லாம் இவள் உள்ளே போய்விடுவாள்.

வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் அவளோடு உட்கார்ந்தேன்.

"அவ மேல கோவமா?" என்றேன்.

"அவ என்ன பண்ணுவா? கேக்கக்கூட இல்ல. எங்கப்பாதான் குடுத்தனுப்புனாரு."

"அப்ப அப்பா மேலயா?"

"அவரு நடந்த மாதிரிதான் நானும் நடக்கறேன்." மண்ணைக் கீறினாள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். கொழந்தைக்கு எவ்வளவு வெக்கறதுன்னு. நான் காட்டித் தரலைன்னா அதைத் தொடவே பயந்திருப்பாங்க."

"குழந்தை பொழச்சிருக்காதுடி."

"ஆமா. அதையேதான் நானும் நெனைக்கறேன். எந்தப் பக்கம் திரும்புனாலும் அங்கதான் வந்து நிக்குது. யாரு மேலயாவது கோவப்பட முடிஞ்சா நல்லா இருக்கும். முடியலடி. எனக்கு ரொம்ப முடியல."

நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் தனக்காகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாளைக்குக் காலைப் பஸ்ஸுக்கு நான் கிளம்புகிறேன், உன் பையையும் எடுத்து வைக்கிறேன், வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அவள் பையை எடுக்கப் போனேன். அது மேல் வீட்டுக்காரியின் தோளில் இருந்தது, இடுப்பில் குழந்தை. அவள் அம்மா நின்றார், மாமா நின்றார். பாதை தொடங்குகிற இடம்வரை அவளும் வந்தாள். வழியனுப்ப வந்தாளா, கிளம்பி வந்தாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அங்கே வந்ததும் வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். அந்தக் கூட்டத்தில் முடியாதவள் நான்தானே. நானும் பழக்கத்தில் காலை எடுத்து வைத்தேன். மேல் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள்.

"நீங்க இருங்க கண்ணு." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னிக்கு நீ முன்னால நட சாமி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போய் நின்றார். மாமாவும் நகர்ந்தார். முன்னால் பாதை மட்டும் இருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். எல்லோரும் நின்றோம். மறுபடி நடந்தாள், மறுபடி நின்றாள். கீழே ரோட்டில் செம்மேட்டுப் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான்கு வருடம் என் பின்னாலேயே நடந்தவள். அவள் முதுகை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அது குலுங்கிக்கொண்டிருந்தது. போய்த் தொடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாரும் அசையவில்லை. குழந்தை மட்டும் கையை நீட்டி எதையோ உளறியது.

பஸ் போகிற சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து நின்றது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கீழே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். ரோட்டோரம் எல்லோரும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்ததும் அவள்தான் முதலில் ஏறினாள்.